மானியம் வந்த பிறகு யாரைக் கேட்பது? தொழில் வழிகாட்டி ஏற்பாடுகள் பற்றி ஒரு விளக்கம்

தொழில் தொடங்க அரசு என்ன தரும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது மானியம். அதில் தப்பில்லை. ஆனால் குடும்பத்தில் யாரும் வியாபாரம் பார்த்ததில்லை, கையில் சொத்தும் இல்லை என்ற நிலையில் வரும் இளைஞருக்குப் பெரிய குறை, சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் இல்லாததுதான். தொழிலில் நின்று ஜெயித்தவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவரச் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. மானியத்துக்குக் கிடைக்கிற விளம்பரம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

ஆள் ஏன் வேண்டும் என்பதற்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமே (பி.எம்.இ.ஜி.பி.) உதாரணம். 2008-இல் தொடங்கியது. 2022-இல் திருத்திய விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் சொந்தமாக 5 சதவீதம் போட்டால் போதும். இவர்களுக்குக் கிராமப்புறத்தில் 35, நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று வருடம் கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். திட்டத்தில் உள்ள பயிற்சி அடிப்படையைச் சொல்லித்தரும். ஏழாவது மாதம் சரக்கு தேங்கி நிற்கும்போது என்ன செய்வது என்பதைப் பயிற்சி வகுப்பில் எதிர்பார்க்க முடியாது.

சரி, ஆளுக்கு எங்கே போவது? மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா 2023 ஜனவரியில் 'மார்க்' என்ற தேசிய வழிகாட்டித் தளத்தைத் தொடங்கியது. தொழில்முனைவோரும் துறை வல்லுநர்களும் அதில் வழிகாட்டிகளாகப் பதிகிறார்கள். நம் தொழிலைப் பற்றிய விவரம் கொடுத்துப் பொருத்தமானவருக்குக் கோரிக்கை அனுப்பலாம். வீடியோவிலேயே பேசிக்கொள்ளலாம். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. 'ஸ்டார்ட்அப்' (புதுத் தொழில் நிறுவனம்) என்ற அரசு அங்கீகாரம் தனிநபர் உரிமை நிறுவனத்துக்குக் கிடையாது; பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் என்று ஏதாவது வடிவம் வேண்டும். வசதியில்லாத பிள்ளைகள் பெரும்பாலும் தனி உரிமையாளராகத்தானே தொடங்குகிறார்கள்?

பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2016-இல் வந்த தேசிய எஸ்.சி.-எஸ்.டி. ஹப் இன்னும் நேரடியாக உதவும். தேசிய சிறுதொழில் கழகம் (என்.எஸ்.ஐ.சி.) இதை நடத்துகிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. நிறுவனங்களுக்கு. விதி காகிதத்தில் இருக்கும். டெண்டரை எப்படி நிரப்புவது, எந்த ஆர்டரைத் தொடவே கூடாது என்பதெல்லாம் ஏற்கெனவே சப்ளை செய்தவருக்குத்தான் தெரியும். ஹப் தரும் கைகொடுப்பு உதவியைக் கேட்டு வாங்குங்கள். 2005-இல் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையிலும் (டிக்கி) அப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

அரசுக்கு வெளியே, 1992 முதல் இயங்கும் பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் இந்த வேலையையே பிரதானமாகச் செய்கிறது. பிரிட்டனில் அன்றைய இளவரசர் சார்லஸ் தொடங்கிய அறக்கட்டளையைப் பார்த்து உருவானது. 18 முதல் 35 வயது வரை உள்ள, வசதி குறைந்த இளைஞர்களுக்குத் தன்னார்வ வழிகாட்டியைச் சேர்த்துவைத்து, வங்கிக் கடனுக்கும் வழி செய்கிறார்கள்.

வழிகாட்டி கடனுக்கு ஜாமீன் போடமாட்டார், பணமும் போடவேண்டியதில்லை. ஜாமீன் சொத்து இல்லாதவர்களுக்கு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாத நிதி தனியாக இருக்கிறது. வங்கியில் அதைக் கேளுங்கள். கடன் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடு என்பவர் வழிகாட்டி இல்லை, புரோக்கர். முதல் சந்திப்புக்கு 'எனக்கு அறிவுரை வேண்டும்' என்று மட்டும் போகாதீர்கள். மூன்று மாத வரவு செலவு, மெஷின் கொட்டேஷன், வராத பாக்கி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பாக்கி என்றதும் ஒன்று: சரக்கை ஏற்றுக்கொண்டவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தி, சேவை நிறுவனங்கள் இதை வைத்துப் புகார் செய்யலாம். அந்தப் புகாரை எப்போது கொடுப்பது, கொடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரா என்பது மாதிரியான கேள்விகளுக்குத்தான் அனுபவஸ்தர் வேண்டும்.

வழிகாட்டியாக வர நினைக்கும் தொழிலதிபர்களுக்கும் ஒரு விதி. கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்புச் செலவுக் (சி.எஸ்.ஆர்.) கடமை உள்ள நிறுவனம், தன் ஊழியர்கள் இலவசமாகச் செலவிட்ட நேரத்துக்கு விலை போட்டு அந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஆட்களை அனுப்பத் தடையில்லை. அந்த நேரம் கணக்கில் வராது, அவ்வளவுதான்.