கரப்பான்பூச்சியும் இரவு ஒன்பது மணி எழுத்தும்

கோலாலம்பூர் செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் சிலர் இயங்கலையில் கூடுகிறோம். ஒருவர் கிள்ளானில், ஒருவர் பட்டர்வொர்த்தில். ஒலியை அடைத்துவிட்டு அவரவர் கதையை எழுதுகிறோம். யாரும் யாருடனும் பேசுவதில்லை. தனியாக உட்கார்ந்தால் ஒரு பத்தி தேறாத எனக்கு அங்கே பக்கம் பக்கமாக வருகிறது. நாவலின் முடிச்சோடு மல்லுக்கட்டும் தோழிக்கோ அங்கே வந்தால் எல்லாம் நின்றுபோகிறது. இதெல்லாம் மனப்பிரமையா?"

பிரமை இல்லை. இருவரும் சொல்வது உண்மை. இரண்டுக்கும் காரணம்கூட ஒன்றுதான்.

1898-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்லெட் இதே கேள்வியைக் கையில் எடுத்தார். சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் புரட்டியபோது, தனியாக ஓட்டுபவரைவிடத் துணையோடு ஓட்டுபவர் வேகமாகப் போவது தெரிந்தது. பிறகு 40 சிறுவர் சிறுமியரைத் தூண்டில் நூல் சுற்றும் உருளையைத் தனியாகவும் சோடியாகவும் சுற்றவைத்தார். துணை இருந்தபோது 20 பேரின் வேகம் கூடியது. 10 பேரிடம் மாற்றமில்லை. மீதி 10 பேர் தடுமாறினார்கள். முதல் 20 பேரைப் பற்றித்தான் பலரும் பேசினார்கள். சூட்சுமம் தடுமாறிய 10 பேரிடம் இருந்தது.

அதை அவிழ்த்தவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ராபர்ட் ஸாயன்ஸ். 1965-ல் அவர் சொன்னது இது: அருகில் இன்னோர் உயிர் இருந்தாலே உடலில் ஒரு விழிப்பு ஏறுகிறது. அந்த விழிப்பு, நமக்கு எது முதலில் கைவருமோ அதைப் பலப்படுத்துகிறது. கைவருவது சரியான செயலாக இருந்தால் வேலை வேகமாகும். தவறான செயலாக இருந்தால் தவறும் வேகமாகும்.

1969-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்த விதம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. சோதனைக்கு உட்பட்டவை கரப்பான்பூச்சிகள். கரப்பானுக்கு வெளிச்சம் ஆகாது. நேரான ஓடுபாதை ஒன்று. ஒரு முனையில் பளீரென்ற விளக்கு, மறுமுனையில் இருட்டான பெட்டி. விளக்கு எரிந்ததும் பூச்சி செய்ய வேண்டியது ஒன்றே: நேராக ஓடுவது. அடுத்து, சிலுவை வடிவப் பாதை. இங்கே இருட்டை அடைய நடுவில் திரும்ப வேண்டும். நேராகப் போனால் முட்டுச்சந்து.

இனிதான் அழகு. பாதையோரமாக ஒளிபுகும் சிறு பெட்டிகளை வைத்து, அவற்றுக்குள் வேறு கரப்பான்களை அடைத்தார்கள். அவை பார்வையாளர்கள்! ஓடும் பூச்சிக்கு அவை உதவவும் இல்லை, அதனோடு போட்டி போடவும் இல்லை, வெறுமனே இருந்தன. நேர்பாதையில் ஓடியவை, பார்வையாளர் இருந்தபோது இன்னும் வேகமாக இருட்டைச் சேர்ந்தன. திரும்ப வேண்டிய பாதையில் ஓடியவை தனியாக ஓடியதைவிடத் தாமதமாகச் சேர்ந்தன. விளக்கு அதேதான், பார்வையாளரும் அப்படியே. மாறியது பாதை மட்டும். 'ஓடு' என்ற உந்துதல் இரண்டிலும் கூடியிருக்கிறது. ஒன்றில் அது கரை சேர்த்தது, மற்றதில் முட்டுச்சந்துக்குள் தள்ளியது.

கரப்பான்களுக்குப் பார்வையாளர் மாடம் கட்ட நிதி வேண்டும் என்று இன்று விண்ணப்பித்தால், 'நாட்டுக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவது? ஆனால் கரப்பான் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று கவலைப்படாது. அதனால்தான் விடை இவ்வளவு தெளிவாகக் கிடைத்தது. பயனை முன்கூட்டியே கேட்கும் நிதிக் குழுக்களால் அறிவியல் இழப்பது இத்தகைய விடைகளைத்தான்.

மனிதர்களிடமும் இதைப் பார்த்தார்கள். 1978-ல் ஹேசல் மார்கஸ் என்ற ஆய்வாளர், அவரவர் சொந்தக் காலணியையும் பழக்கமில்லாத உடுப்புகளையும் மாட்டிக் கழற்றும்படி ஆட்களிடம் சொன்னார். அறையில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கருவியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காத அந்த ஆள் இருந்ததாலேயே பழகிய காலணியில் கை விரைந்தது, பழகாத உடுப்பில் தடுமாறியது.

ஒலியை அடைத்துவிட்டுத் தலைகுனிந்து எழுதும் தோழியர் அந்தப் பழுதுபார்ப்பவரின் இடத்தில் இருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். ஆசிரியைக்குக் கதை மனதில் தயார். கை எழுத வேண்டியதுதான் பாக்கி. அவருடையது நேர்பாதை. தோழிக்கோ முதலில் தோன்றும் தீர்வு தவறானது. அதை விட்டுத் திரும்ப வேண்டிய இடத்தில் நிற்கிறார். முடிச்சை அவர் தனியாக அவிழ்க்கட்டும், அவிழ்ந்த அத்தியாயத்தை எழுத ஒன்பது மணிக்கு வரட்டும்.

இந்த விளைவைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. 1983-ல் பாண்ட், டைடஸ் இருவரும் 241 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறர் அருகில் இருப்பதன் தாக்கம் சிறியது என்றே தெரிந்தது. பக்கம் பக்கமாக வருவதற்கு இன்னொரு காரணமும் வேண்டும். குறித்த நேரம்தான் அது என்பது என் கணிப்பு. 1997-ல் ஜெர்மனியில் பணியாற்றிய கோல்விட்சரும் பிராண்ட்ஷ்டேட்டரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துவைத்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள்.

நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்துத் தொடங்கினால் எழுத்து வருகிறது என்று நம் எழுத்தாளர்களில் சிலர் உறுதியாகச் சொல்வார்கள். வருவது எனக்கும் தெரியும். அதில் வேலை செய்வது முன்கூட்டியே குறித்த நேரம். கிரகத்துக்கு அதில் பங்கில்லை. ராகு காலத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அதே பலன்தான். ஆகவே ஆசிரியையின் குழுவினர் மணியோடு நின்றுவிடாமல் இடத்தையும் தொடங்கும் வரியையும் முதல் நாளே புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதிவைக்கலாம்: நாளை ஒன்பது மணி, சாப்பாட்டு மேசை, இரண்டாம் அத்தியாயத்தில் மாமா கதவைத் தட்டும் இடத்திலிருந்து.