அந்தக் கறுப்பு டப்பாவைக் கழற்றாதீர்கள்

பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கறுப்பு டப்பாவை, அதாவது கேனிஸ்டரை, யாரோ கழற்றிவிட்ட வண்டி இந்த மாதத்தில் இது மூன்றாவது. பொறுமை போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த 2006 மாடல் பெட்ரோல் கார். முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடினால் பிக்கப் குறைந்து, திணறித் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஓரிடத்தில் ஃப்யூவல் பம்ப் மாற்றியாயிற்று, இன்னோர் இடத்தில் இஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் கழுவியாயிற்று. சரி, நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். கிணத்துக்கடவு தாண்டி நின்றது. இறங்கி டேங்க் மூடியைத் திருகினேன். ‘உஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்த சத்தம் அடங்கவே சில விநாடிகள் ஆயின. ஏறிச் சாவியைத் திருப்பினேன், உடனே ஸ்டார்ட் ஆனது.

பானட்டைத் தூக்கினால், கேனிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிராக்கெட். டேங்கிலிருந்து ஆவி வரும் ஹோஸின் வாயில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைச் செருகி, கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தார்கள். டேங்க் மூடியும் டூப்ளிகேட். நல்ல மூடிக்குள் வெளிக்காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு இருக்கும், இதில் இல்லை. டேங்குக்கு மூச்சு விட ஒரு வழியும் கிடையாது. புதுப் பம்ப் என்ன செய்யும், பாவம்.

“தேவையில்லாத சாமான், எடுத்துட்டா மைலேஜ் கூடும்னு சொன்னாங்கங்ணா” என்றார் வண்டிக்காரர்.

இந்த ஒரு பேச்சைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வரும். பெட்ரோல், வண்டி ஓடினால் மட்டுமா தீர்கிறது? வெயிலில் நிறுத்தினாலும் ஆவியாகிறது. அந்த ஆவியும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். டப்பாவுக்குள் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது பக்குவப்படுத்திய கரி. நிற்கும்போது வரும் ஆவியை அது பிடித்து வைக்கும். ஓடும்போது, டப்பாவிலிருந்து இஞ்சினுக்குப் போகும் வழியில் உள்ள பர்ஜ் வால்வு திறந்து, இஞ்சின் அதை உறிஞ்சி எரித்துக்கொள்ளும். ஆவி வருகிற அளவுக்கு இன்ஜெக்டர் விடும் பெட்ரோலை ஈசியூ, அதாவது இஞ்சினின் கம்ப்யூட்டர், குறைத்துவிடும். கழற்றினால் அந்தப் பெட்ரோல் காற்றோடு போகும். இதில் மைலேஜ் எங்கிருந்து கூடும்? எடை குறையும் என்கிறீர்களா? உரித்த தேங்காய் இரண்டு வைத்தால் அந்த எடை வந்துவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிய வண்டியில், பங்கில் பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், ஐட்லிங் ஆடும். டப்பாவைக் கழற்றி ஹோஸை அடைத்தால் அது சரியான மாதிரி இருக்கும். கெட்டது வால்வு, தண்டனை டப்பாவுக்கு.

“புகைச் சான்றிதழ் வாங்கியாச்சே” என்பார்கள். அங்கே குழாயை விடுவது சைலன்சருக்குள். டேங்கிலிருந்து போகும் ஆவியை அந்த மெஷின் பார்ப்பதே இல்லை. நம் ஊர்ப் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆவிக் கசிவைச் சொல்லும் சென்சாரும் கிடையாது, விளக்கு எரியும் என்று காத்திருக்காதீர்கள். மூக்குதான் ஸ்கேனர். “பழைய வண்டின்னா பெட்ரோல் வாசம் வரத்தான் செய்யும்” என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆவியில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் வரவழைக்கும் பொருள். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது உங்கள் குழந்தை.

அப்புறம் பங்க். ஒவ்வொரு கோடையிலும் ‘ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். இந்தியன் ஆயில் பெயரிலேயே சுற்றி, அந்த நிறுவனமே மறுத்த செய்தி அது. அதை நம்புகிற அதே ஆள், ஆட்டோ கட் ஆன பிறகும் “ரவுண்டா போடுப்பா” என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வார். டப்பா ஆவிக்கு உரியது. அதற்குள் பெட்ரோலே வழிந்தால் கரி ஊறிக் கெட்டுவிடும். நாஸில் ‘டக்’ என்றால் நிறுத்துங்கள். சில்லறை முக்கியமில்லை, ஐயா.

இந்த டப்பா, ஹோஸ் வேலை செய்யும் மெக்கானிக் தம்பிகளுக்கு: இஞ்சின் ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், சர்வீஸ் குழிக்குள் இறங்கித் தேங்கும். குழிமேல் வண்டியை நிறுத்தி இந்த வேலை வேண்டாம். சாயங்காலம் கல்லாவில் ஊதுபத்தி, சூடம் ஏற்றும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சாமி கோபித்துக்கொள்ளாது, அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றை ஆவி போகும் லைனுக்குள் விடாதீர்கள், இந்த லைன் தாங்கும் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ.கூட இல்லை. வாயால் உறிஞ்சிப் பார்க்கவே கூடாது. பர்ஜ் வால்வுக்குக் கரன்ட் இல்லாதபோது காற்று போகக்கூடாது, பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று திறக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. கழற்றிய ஹோஸை உள்ளங்கையில் தட்டுங்கள். எள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் டப்பா உள்ளே உடைந்துவிட்டது. டப்பாவை மட்டும் மாற்றி லைனைச் சுத்தம் செய்யாவிட்டால், அதே துகள் போய்ப் புது வால்விலும் சிக்கும். தண்ணீர் டியூப், மீன் தொட்டி டியூப் எல்லாம் போடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ஃப்யூவல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பொள்ளாச்சி வண்டிக்குப் புது கேனிஸ்டர், நாலடி ஹோஸ், கிளாம்ப், ஒரிஜினல் மூடி போட்டேன். பில் அவர் பம்ப்புக்குக் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. போல்ட்டை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தனுப்பினேன், செருகியவரிடமே திருப்பிக் கொடுக்கட்டும்.