ஹாட்ச்மென்ட்: சொல்லும் பலகையும்

இங்கிலாந்தின் பழைய கிராமத்துத் தேவாலயங்களில், சுவரில் கை எட்டாத உயரத்தில், ஒரு முனை மேல் நோக்கும்படி சாய்த்து மாட்டிய சதுரப் பலகைகளைப் பார்க்கலாம். கறுப்புச் சட்டம், நடுவில் ஒரு கேடயம், அதில் சிங்கமோ பறவையோ வெறும் பட்டைகளோ. பெரும்பாலும் பெயர் இருக்காது, ஆண்டும் இருக்காது. இதன் பெயர்தான் ஹாட்ச்மென்ட். இறந்துபோன ஒருவருடைய மரபுச் சின்னத்தைத் தீட்டி, அவர் இறந்த செய்தியையும் அதிலேயே அடக்கி வைத்த பலகை.

'அச்சீவ்மென்ட்' என்ற சொல்தான் வாய்வழக்கில் தேய்ந்து 'ஹாட்ச்மென்ட்' ஆனது. சாதனை என்று நாம் அறிந்த பொருளை இங்கே மறந்துவிட வேண்டும். சின்னக் கலையில் அச்சீவ்மென்ட் என்பது முழுக்காட்சி: கேடயம், அதன்மேல் தலைக்கவசம், கவசத்தின் உச்சியில் முடிச்சின்னம், தோளில் வழியும் துணிமடிப்பு, சிலருக்கு இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்குகள், கீழே ஒரு வாசகம், எல்லாம் சேர்ந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திலேயே இந்தச் சொல் வந்துவிடுகிறது. ஓசையில்லாமல் புதைக்கப்பட்ட தன் தந்தையின் எலும்புகளுக்கு மேல் வாளும் இல்லை, ஹாட்ச்மென்டும் இல்லை என்று லேயர்டீஸ் குமுறுவான். ஒரு பிரபுவை இப்படி ரகசியமாகப் புதைப்பது அந்தக் காலத்தில் அத்தனை பெரிய அவமானம்.

இன்னும் மேலே போனால் பழைய பிரெஞ்சில் 'அஷெவெர்', முடித்தல். அதற்கும் மேலே லத்தீன் 'காபுட்', தலை. தலைக்கு வந்து சேர்ந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். நம் உரையாசிரியர்கள் ஒன்றை முடித்து வைப்பதைத் 'தலைக்கட்டுதல்' என்றார்கள். இரண்டு மொழிக்கும் தொடர்பில்லை; தலையை முடிவாகக் கண்ட எண்ணம் மட்டும் ஒன்று.

பலகைக்கு முன்னால் நிஜப் பொருள்களே தொங்கின. 1376இல் இறந்த 'கறுப்பு இளவரசர்' எட்வர்டின் தலைக்கவசம், கேடயம், கையுறைகள், மேலங்கி ஆகியவை கான்டர்பரி பேராலயத்தில் அவர் கல்லறைக்கு மேலே தொங்கவிடப்பட்டன. இப்போது மேலே தொங்குபவை நகல்கள். அசல்களைத் தனியாகப் பாதுகாக்கிறார்கள். பிரபுக்களின் சவ ஊர்வலத்தை அரசின் சின்ன அதிகாரிகளே வந்து நடத்துவார்கள், செலவு கையைக் கடிக்கும். 17ஆம் நூற்றாண்டில் அந்தத் தடபுடல் குறைந்தது; ஒல்லாந்துப் பக்கத்திலிருந்து பலகை வழக்கம் வந்து சேர்ந்தது. மரத்திலோ கித்தானிலோ சின்னத்தைத் தீட்டி, வீட்டு வாசலுக்கு மேலே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மாட்டுவார்கள். அப்புறம் அது தேவாலயத்துக்குப் போய்விடும். பீட்டர் சம்மர்ஸ் தொடங்கிய கணக்கெடுப்பு 1974 முதல் 1994 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. பிரிட்டனில் மட்டும் 4,000க்கு மேற்பட்ட பலகைகள் மிஞ்சியிருக்கின்றன.

சரி, பெயரே இல்லாத பலகையில் யார் இறந்தார் என்று எப்படித் தெரியும்? கேடயத்துக்குப் பின்னால் உள்ள நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் இறந்தவர், வெள்ளை என்றால் உயிரோடு இருப்பவர்.

திருமணமானவரின் கேடயம் நெடுக்காக இரண்டு பாதி. வலப்பாதி கணவனுடையது, இடப்பாதி மனைவியின் தந்தை வழியில் வந்தது. இந்த வலமும் இடமும் கேடயத்தைப் பிடித்து நிற்பவருக்கு உரியவை. எதிரே நிற்கும் நமக்கு மாறித் தெரியும். மாதொருபாகன் சிலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் குழப்பம் வராது: வலம் ஈசன், இடம் உமை, அதே ஏற்பாடு. கணவன் இறந்து மனைவி இருந்தால் வலப்பாதியின் பின்புலம் கறுப்பு, இடப்பாதி வெள்ளை. மனைவி முந்திக்கொண்டால் நிறங்கள் இடம் மாறும். முழுக் கறுப்பாக இருந்தால் மணமாகாதவர், அல்லது துணையை முன்பே இழந்தவர். இந்த இருவரையும் பிரிக்கக் கேடயம் உதவும்: இரண்டு பாதியாக இருந்தால் மணமானவர். அதிலும் கைம்பெண்ணாக இருந்தவருக்குக் கேடயம் கிடையாது, சாய்சதுரத்தில் சின்னத்தைத் தீட்டுவார்கள். போருக்குப் போகாதவளுக்குக் கேடயம் எதற்கு, கவசம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. மனைவி இறந்த பலகையிலும் தலைக்கவசமும் முடிச்சின்னமும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு நாடா முடிச்சோ தேவதூதரின் குழந்தை முகமோ இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பேராயர்களின் பலகை. வலப்பாதியில் பேராயத்தின், அதாவது அவர் பொறுப்பில் உள்ள திருச்சபை மாவட்டத்தின் சின்னம், இடப்பாதியில் அவருடைய சொந்தச் சின்னம். அவர் இறந்தால் இடப்பாதியின் பின்புலம் மட்டும் கறுப்பு. பேராயம் சாவதில்லையே! முடிச்சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் மண்டையோடு இருந்தால், வம்சத்தின் கடைசி ஆள் என்று சொல்வது வழக்கம். ஆனால் எல்லாப் பலகைக்கும் அது பொருந்தாது, அலங்காரமாகவும் தீட்டியிருக்கிறார்கள்.

கொடிவழியைப் படிக்க வேண்டுமானால் கேடயத்துக்குள்ளே போக வேண்டும். உடன்பிறந்த ஆண் இல்லாத பெண், தந்தையின் சின்னத்துக்கு வாரிசு. அப்படிப்பட்டவளை மணந்தவர் தன் கேடயத்தைப் பாதியாக்கமாட்டார். நடுவில் அவளுடைய சின்னத்தைச் சிறு கேடயமாகப் பதிப்பார். அவர்களின் பிள்ளைகள் இரண்டு சின்னத்தையும் நான்கு கட்டமாகப் பிரித்துக் குறுக்கும் மறுக்குமாக வைத்துக்கொள்வார்கள். நாலைந்து தலைமுறை இப்படியே போனால் கட்டங்கள் பெருகிவிடும். ஸ்டோவ் மாளிகையின் கிரென்வில் குடும்பம் 719 கட்டங்கள் வரை சேர்த்துத் தீட்டி வைத்தது. அதைக் கேடயம் என்பதைவிடச் சொத்துப் பத்திரம் என்பதே பொருத்தம்.

ஒல்லாந்திலும் ஃபிளாண்டர்ஸிலும் (இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி) வேறு முறை. நடுவில் இறந்தவரின் சின்னம். விளிம்பில் முன்னோர்களின் சின்னங்கள், பெருங்குடும்பமானால் தந்தை வழியில் எட்டு, தாய் வழியில் எட்டு, ஆகப் 16. கொள்ளுத் தாத்தா பாட்டிகளைப் பெற்ற 16 பேரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். பெயரும் இறந்த நாளும் எழுதியிருக்கும். கறுப்பு வெள்ளைப் புதிர் கிடையாது. டச்சு மொழியில் இதற்கு 'ரௌபோர்ட்', துக்கப் பலகை. ஃபிளாண்டர்ஸில் 'ஓபியிட்', லத்தீனில் 'இறந்தார்'. 1795இல் ஒல்லாந்தில் பட்டேவியக் குடியரசு என்ற புதிய ஆட்சி வந்தபோது, பிறப்பால் வரும் பெருமை ஒழிக என்று தேவாலயங்களிலிருந்து இவற்றைக் கழற்றினார்கள், பெருமளவு அழிந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் விட்டுப்போனவை சில மிஞ்சின. காலிக் கோட்டைக்குள் 1755இல் கட்டி முடித்த பெரிய தேவாலயத்தின் சுவரில் இத்தகைய பலகைகளையும், தரையில் சின்னம் செதுக்கிய கல்லறைக் கற்களையும் காணலாம். நம் பழவேற்காட்டில் பலகை இல்லாவிட்டாலும், ஒல்லாந்தர் கல்லறைகளில் அதே கேடயங்கள் கல்லில் இருக்கின்றன.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'நினைவுப் பலகை' என்றால் எழுத்துள்ள பலகை என்றே தோன்றும். 'குலச்சின்னப் பலகை' என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆங்கிலேய வழக்கில் சின்னம் ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது. அதே குடும்பப்பெயர் கொண்ட எல்லாருக்கும் அதில் உரிமையில்லை. குலம் என்ற சொல் அந்த வட்டத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. 'விருது' நல்ல பழஞ்சொல், கொடியையும் பட்டச் சின்னங்களையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இன்று விருது என்றால் மேடையில் கொடுக்கும் கேடயம்தான் நினைவுக்கு வருகிறது.

மிஞ்சுவது இரண்டு: இலச்சினை, பொறி. இலங்கைத் தமிழில் நாட்டின் சின்னத்துக்கே இலச்சினை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது வடமொழி 'லாஞ்சனம்' வழி வந்தது. பொறி நம்முடையது, சோழனின் புலிப்பொறியையும் பாண்டியனின் கயற்பொறியையும் யாரும் மறக்கவில்லை. பலகை என்பதோ சங்கத் தமிழில் மரப்பலகை மட்டுமல்ல, கேடயமும்தான். நடுகல்லைச் சுற்றிப் பலகையையும் வேலையும் ஊன்றி வைப்பார்கள். பட்டினப்பாலையில் பரதவர் குடிசைகளின் கூரையில் தூண்டிற்கோல்கள் சாத்தியிருப்பதற்கே, கிடுகு என்னும் கேடயங்களை நிரைத்து வேல் ஊன்றிய நடுகல் அரண்தான் உவமை. ஆக 'பொறிப்பலகை' என்று சொன்னால் கேடயமும் வந்துவிட்டது, மரமும் வந்துவிட்டது. இறப்பைச் சேர்க்க முன்னால் 'நீத்தார்'. நீத்தார் பொறிப்பலகை என்பதே என் பரிந்துரை. கட்டுரையில் முதல் தடவை முழுதாகவும், அப்புறம் பொறிப்பலகை என்று சுருக்கியும் எழுதலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பலகைகளில் கேடயத்தின் கீழ் லத்தீனில் 'ரிசர்காம்' என்று எழுதியிருக்கும், 'மீண்டும் எழுவேன்' என்று பொருள். 'இன் சீலோ குவீஸ்' என்றும் இருக்கும், 'விண்ணில் இளைப்பாறுதல்'. இவை சாவு வீட்டுக்குப் பொதுவான வாசகங்கள், ஓவியர்கள் யாருக்கும் தீட்டித் தந்தவை. குடும்பத்தின் கொள்கைவாசகம் என்று எடுத்துக்கொண்டு இதை வைத்து வம்சம் தேடப் போனால், பாதி இங்கிலாந்து ஒரே வீட்டுக்காரர்களாகிவிடும்.