பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றால் காயில் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கோடை வந்தால் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்பு இன்ஜின்கள் பட்டறைக்கு வரிசைகட்டும். கூடவே, பிளக்கில் பொறி விழ வோல்டேஜை ஏற்றித் தருகிற காயிலும் புதிதாக வரும். இந்த வாரம் வந்தவர் இரண்டு காயில் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதாவது ஒரிஜினல்தானா பாருங்கண்ணே” என்றார். பார்த்தால் ஸ்டாப் சுவிட்சுக்குப் போகிற ஒயர் தகட்டில் உரசித் தோல் உரிந்து கிடக்கிறது. அந்த ஒயர் இன்ஜின் பாடியில் பட்டால் இன்ஜின் நிற்க வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அது பட்டுக்கொண்டே இருக்கும்போது எந்தக் காயிலை மாட்டினாலும் கரண்ட் வராது. ஒரு விவசாயி கைக்காசைப் போட்டு இப்படி அலைவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அதனால் முதல் வேலை, ஸ்டாப் ஒயரைக் கழற்றி எதிலும் படாமல் விட்டுவிட்டுக் கயிறு இழுத்துப் பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோதான். இன்ஜின் கிளம்பினால் நிறுத்த வழி வேண்டும், பெட்ரோல் டேப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம். காயில் என்பது செம்புக் கம்பியைச் சுற்றி இறுக்கிய பொருள். அதில் தேய ஒன்றும் இல்லை. தேய்வதும் கருகுவதும் பிளாட்டினம் பாயிண்ட், அதாவது இன்ஜின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் சின்னத் தொடுமுனை. ஆறு மாதம் கொட்டகை ஈரத்தில் கிடந்தால், இன்ஜின் ஓடாமலே பாயிண்ட் முகத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்துவிடும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் இருக்கும் இரண்டு கம்பிச் சுற்றுகளில் முதல் சுற்றில் கரண்ட் ஓட வேண்டும். அது ஓடினால்தான், பாயிண்ட் திறக்கும் நொடியில் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். முதல் சுற்றில் இருப்பதோ சில வோல்ட்தான். அந்த மெல்லிய படலத்தைக்கூட அதனால் தாண்ட முடியாது. பழைய காயிலுக்கும் இதே கதி, நேற்று வாங்கிய காயிலுக்கும் இதே கதி.

பாயிண்ட் ஒயரைக் காயிலிலிருந்து பிரித்துவிட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் அந்த ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஏறக்குறைய ஜீரோ ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லையா? மிக நைஸான உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு லேசாக இரண்டு இழுப்பு. சொரசொரப்பான தாள் வேண்டாம், அதன் கீறல்களில் சீக்கிரமே கருகும். அப்புறம் சுத்தமான வெள்ளைத் தாளைக் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை இழுத்து எடுங்கள். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் செய்த வேலை வீண். இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும், உங்கள் இன்ஜினின் கையேட்டில் இருக்கிற அளவே சரியான அளவு. சுத்தம் செய்த பாயிண்ட் சில நாளிலேயே மறுபடி கருகினால், பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்குகிற கன்டென்சரை மாற்றுங்கள்.

கரண்ட் பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். பிளக்கைக் கழற்றி, அது இருந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கயிறு இழுக்கிறார்கள். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி. கை முடியெல்லாம் பொசுங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து டேப்பை மூடுங்கள், ஓட்டையில் ஒரு பழைய பிளக்கை முடுக்குங்கள், சோதிக்கும் பிளக்கைத் தள்ளி வைத்து இன்ஜின் பாடியில் நன்றாக அழுத்திப் பிடிக்க ரப்பர் பிடி போட்ட இடுக்கி பயன்படுத்துங்கள். பிளக் கேப்பைச் சும்மா தொங்கவிட்டு இழுக்கவே கூடாது. எழுந்த வோல்டேஜ் போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே உடைத்துக்கொண்டு போகும். நல்ல காயில் அப்படித்தான் சாகிறது.

காயில் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி கிளம்பினால் காயில் மேலோ கன்டென்சர் மேலோ சந்தேகப்படலாம். கேப்பைக் கழற்றிவிட்டுப் பிளக் ஒயருக்கும் காயிலின் இரும்புக்கும் இடையே அளந்துபாருங்கள். சில ஆயிரம் ஓம் வந்தால் கம்பி அறுபடவில்லை. அளவே வராவிட்டால் தாராளமாகப் புதுசு வாங்குங்கள்.

பல பழைய இன்ஜின்களில் பாயிண்ட் மேக்னெட்டுக்கு, அதாவது காந்தம் பதித்த சுழல் சக்கரத்துக்கு அடியில்தான் இருக்கும். மேக்னெட்டைச் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள். விளிம்பு விரிசல் விடும், காந்தம் பெயரும், கிராங்க் முனை வளையும். அதற்குப் பிறகு செலவு காயிலோடு நிற்காது. அதை இழுத்துக் கழற்றும் புல்லர் இல்லையென்றால் தட்டாமல் அப்படியே எடுத்து வாருங்கள், கழற்றித் தருகிறேன்.