நீர்க்குறி, எஞ்சல், வார்ப்பு: சொல் விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் நீரிழிவுக்கு 'இனிப்பு நீர்' என்றுதான் பெயர். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் காய்ச்சலை மலாயில் சொல்வது போலவே 'கென்சிங் தீக்குஸ்' என்பார்கள். இரண்டுமே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ஆனால் கிளினிக்கில் டாக்டர் 'யூரினரி மார்க்கர்' (சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும், சிறுநீரில் உள்ள அடையாளம்) என்று சொன்னால் என்னவென்று சொல்ல ஆளில்லை.

'மார்க்' பழைய ஆங்கிலச் சொல். எல்லை, எல்லையைக் காட்டும் அடையாளம் என்று பொருள். தமிழில் அதற்குக் 'குறி' இருக்கிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் சிறுநீரும் ஒன்று. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்து வகையாக அதைப் பார்ப்பதற்கு 'நீர்க்குறி' என்றே பெயர். அப்புறம் எதற்கு 'சிறுநீரக உயிரிக் குறிப்பான்' என்று நீட்டி முழக்க வேண்டும்? சித்தர் முறை கண்ணால் பார்த்து உடம்பு முழுவதையும் கணிப்பது, ஆய்வகம் அளப்பது ஒரு குறிப்பிட்ட பொருளை. இந்த வேறுபாட்டை மறக்காதவரை பெயரை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஐந்தில் இரண்டு இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. நுரை அடங்காமல் நின்றால் புரதம் கசிகிறதோ என்று சந்தேகிக்கலாம். அந்தப் புரதம் பெரும்பாலும் ஆல்புமின் (லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை). தசைக் கழிவான கிரியேட்டினினோடு ஒப்பிட்ட அளவு 3 மில்லிகிராம்/மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் சரி, 30-ஐத் தாண்டினால் கசிவு கடுமை. காய்ச்சலும் கடும் உழைப்பும் இதைத் தற்காலிகமாக ஏற்றிவிடும் என்பதால் ஒரே சோதனையில் முடிவுகட்ட மாட்டார்கள். கசிவு பழையதா, இப்போது ஏற்பட்டதா என்பதையும் ஆல்புமின் மட்டும் சொல்லாது.

அதற்குத்தான் எஞ்சல். சிறுநீரைச் சுழற்றி அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்ப்பது. ஆங்கிலத்தில் 'செடிமென்ட்', 'உட்கார்' என்ற லத்தீன் வினையில் பிறந்தது. சிலர் 'வண்டல்' என்கிறார்கள், எனக்கு அதில் ஆற்றங்கரை வாசனைதான் வருகிறது. 'ஆக்டிவ் செடிமென்ட்' என்பதைச் 'செயல்படும் எஞ்சல்' என்று மாற்றினால் அபத்தம். எஞ்சல் எதைச் செய்யும்? செயல்படுவது நோய். 'நடப்புப் பாதிப்பைக் காட்டும் எஞ்சல்' என்றால் விஷயம் வந்துவிடுகிறது.

அந்த எஞ்சலில் முக்கியமானது 'காஸ்ட்'. எறிதல் என்ற பழைய நோர்ஸ் வினையில் தொடங்கி, உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது என்ற பொருளுக்கு வந்த சொல். தமிழில் 'வார்ப்பு', கச்சிதம். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் யூரோமோடுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது குழாய்க்குள்ளேயே உறைந்து, குழாயின் வடிவத்தில் கழன்று வருகிறது. பால்மரத்து (ரப்பர் மரத்து) கோப்பையில் உறைந்த கட்டி கோப்பையின் வடிவத்தை எடுத்துக்கொள்வது போலத்தான். பாலில் விழுந்த பட்டைத்தூள் கட்டியில் ஒட்டிக்கொள்வது போல, அந்த நேரத்தில் குழாய்க்குள் இருந்தவை வார்ப்பில் சிக்கிக்கொள்ளும். வெறும் தெளிந்த வார்ப்பு நன்றாக ஓடியாடியவருக்கும் வரலாம், பயமில்லை. சிவப்பணு சிக்கியிருந்தால் வடிகட்டும் நுண்முடிச்சுகளில் அழற்சி நடக்கிறது என்று கொள்ளலாம். சேற்றுப் பழுப்பில் மணல் மணலாக இருந்தால் குழாயின் செல்கள் இறந்து உதிர்கின்றன. கென்சிங் தீக்குஸ் முற்றியவர்களிடமும் இப்படி நேரலாம்.

புதிய குறிகளும் உண்டு. சிறுநீரகம் அடிபட்டபின் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். 'என்ஜிஏஎல்' என்ற புரதம் சில மணி நேரத்திலேயே சிறுநீரில் கூடிவிடும். 'கிம்-1' என்ற புரதம் அடிபட்ட நுண்குழாய்ச் செல்களிலிருந்து வருவது. சிறு பட்டணத்துக் கிளினிக்கில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. பெயர்களையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. எழுத்துப் பெயராகவே இருக்கட்டும், பொதுப்பெயர் நீர்க்குறி போதும்.