டார்ச் வெளிச்சத்தில் தெரியாத ஈறு நோய்

பள்ளிப் பல் முகாம்களில் பெரும்பாலும் நடப்பது சொத்தைப்பல் கணக்கெடுப்புதான். பிள்ளை வாயைத் திறக்கும், டார்ச் அடித்துப் பார்ப்போம், குறித்துக்கொள்வோம், அடுத்த பிள்ளை. ஈறு நோய் இப்படி அகப்படாது. அது வலிக்காது. மேலே ஈறு நன்றாகத் தெரியும்போதே உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெல்ல விட்டு ஆழம் பார்க்கும் மெல்லிய கருவியான ப்ரோப்பை வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ப்ரோப் முனையில் 0.5 மி.மீ. உருண்டை இருக்கும். அதற்கு மேலே 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. அழுத்தம் 20–25 கிராமைத் தாண்டக் கூடாது. கட்டைவிரல் நகத்துக்கடியில் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். வலிக்காமல் லேசாக வெளுக்கிறதே, அந்த அளவுதான். வளரிளம் பருவத்தினருக்கு ஆறு பற்கள் போதும்: ஆறு வயதில் முளைத்த நான்கு முதல் கடைவாய்ப் பற்கள், மேல் வலது நடு முன்பல், கீழ் இடது நடு முன்பல். தொட்டதும் நகர்ந்துவிடாதீர்கள். ரத்தம் கசிய 10 முதல் 30 விநாடி ஆகலாம். ஆளுக்கொரு கருவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்து, உறை பிரிக்காமல்.

ப்ரோப்பைத் தொடும் முன்பே கேட்க வேண்டியது இதய நோய். வால்வுப் பழுது, பிறவி இதயக் குறை உள்ள பிள்ளையை அதன் மருத்துவரைக் கேட்காமல் முகாமில் ப்ரோப் செய்யக் கூடாது. ஆசிரியருக்கு இது தெரிந்திருக்காது. பெற்றோர் சம்மதப் படிவத்திலேயே கேளுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தாலும் ஈறு தடித்து வளரும்.

பலர் தவறுவது 12 வயதுப் பிள்ளையிடம். பாதி முளைத்த இரண்டாம் கடைவாய்ப்பல்லின் மேல் ஈறு இன்னும் ஏறி நிற்கும். ப்ரோப் ஆழமாக இறங்கும்; ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் ஆழமான பள்ளத்தை ‘பை’ என்போம்; ஆனால் இது பொய்ப்பை, நோயல்ல. அந்தப் பல்லை விட்டுவிடுங்கள்.

ரத்தம் மட்டும் கசிந்தால் பதற வேண்டாம். பருவ வயதின் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு வீங்கும். ஆனால் பிள்ளைகள் ரத்தத்தைக் கண்டதும் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவார்கள், அழுக்கு இன்னும் சேரும். ரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்து, தினமும் இரண்டு வேளை நன்றாகத் துலக்க வேண்டும் என்று வாயருகே கண்ணாடி பிடித்துக் காட்டுங்கள். விரலும் பல்பொடியும் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்துக்குள் போகாது.

ப்ரோப்பின் கறுப்புப் பட்டை ஈறுக்குள் மறைந்தால் கதை வேறு. முன்பற்களிலும் முதல் கடைவாய்ப் பற்களிலும் மட்டும் ஆழமான பை, அழுக்கோ மிகக் குறைவு என்றால், எலும்பை வேகமாக அரிக்கும் வகையாக இருக்கலாம். ‘வீட்டில் நன்றாகத் துலக்கு’ என்று அனுப்பிவிடாதீர்கள். எக்ஸ்ரேயுடன் பல் மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து, தேதியைச் சீட்டில் எழுதி, பிள்ளை போனதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இது குடும்ப வழியில் வருவதால் அண்ணன், தங்கையையும் அழைத்துவரச் சொல்லுங்கள்.