டெலிபோட்டோ: நீள லென்ஸுக்கெல்லாம் ஒரே பெயரா?

குழாய் மாதிரி நீண்ட லென்ஸ் எதைப் பார்த்தாலும் ‘டெலி லென்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். நீலகிரியின் முக்குருத்திப் பக்கம் வரையாட்டைப் படமெடுக்கப் போகிறவருக்கும், குன்னூர் மலை ரயில் வளைவில் திரும்புவதை எதிர்ச் சரிவிலிருந்து பிடிக்க நினைப்பவருக்கும், தாத்தாவின் பீரோவில் 135 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கண்டெடுத்தவருக்கும் அந்த ஒரு சொல்தான். பேச்சுக்கு அது போதும். பழைய லென்ஸை விலை பேசி வாங்கும்போது போதாது. லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை வைத்து வந்த பெயரல்ல டெலிபோட்டோ. உள்ளே கண்ணாடிகளை அடுக்கியிருக்கும் முறையை வைத்து வந்தது.

‘டெலி’ கிரேக்கச் சொல். தொலைவில் என்று பொருள். ‘போட்டோ’வின் வேரும் கிரேக்கம்தான், அது ஒளியைக் குறிக்கும். இரண்டையும் ஒட்டிய பெயர் லென்ஸுக்கு நிலைத்தது 1890களில். 1891இல் லண்டனில் டால்மேயர், பெர்லினில் மீத்தே, மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர் தனித்தனியே ஏறத்தாழ ஒரே அமைப்பை உருவாக்கினார்கள். டால்மேயர் இதற்கென்றே 1899இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

அவர்கள் தீர்க்க நினைத்த சிக்கல் எளிமையானது. லென்ஸில் பொறித்திருக்கும் மி.மீ. எண்தான் குவியத் தொலைவு; அது கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். 400 மி.மீ. குவியத் தொலைவு வேண்டுமென்றால் சாதாரண லென்ஸைப் படத்தகட்டிலிருந்து ஏறத்தாழ 400 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். யார் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது? டெலிபோட்டோவில் முன்பக்கம் ஒரு குவிவில்லைக் குழு, பின்பக்கம் ஒரு குழிவில்லைக் குழு. முன்குழு ஒளியைக் குவிக்கத் தொடங்கும். அது குவிந்து முடிவதற்குள் பின்குழு குறுக்கிட்டு, ஒளிக் கூம்பைக் கொஞ்சம் ஒடுக்கமாக்கி, குவிவதைத் தள்ளிப்போடும். படச்சுருளில் விழும் அந்த ஒடுங்கிய கூம்பு, நெடுந்தொலைவில் இருக்கும் லென்ஸிலிருந்து வந்ததைப் போலவே இருக்கும். குவியத் தொலைவு 400 மி.மீ.தான், குழாய் மட்டும் குட்டை.

இதைச் சோதிக்க ஒரு அளவு நாடா போதும். லென்ஸைக் கேமராவில் மாட்டி, குவியத்தை முடிவிலிக்கு (∞ குறிக்கு) திருப்பிவிடுங்கள். பல பழைய கேமராக்களின் மேல்மூடியில், வட்டத்தை ஒரு கோடு வெட்டுவது போல ஒரு குறி இருக்கும். படச்சுருள் நிற்கும் இடம் அது. முன்கண்ணாடியிலிருந்து அந்தக் குறி வரை அளந்து, லென்ஸில் பொறித்த எண்ணைவிடக் குறைவாக வந்தால் அது அசல் டெலிபோட்டோ. கூடவோ சமமாகவோ வந்தால் வெறும் நெடுங்குவிய லென்ஸ். ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்காவின் 400 மி.மீ. எஃப் 6.8 (எஃப் எண் ஒளி புகும் துவாரத்தின் அளவு) டெலிட் லென்ஸில் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டே கண்ணாடிகள். பெயரில் ‘டெலி’ இருக்கிறது, அமைப்பில் இல்லை! அதற்காக அது மட்டமான லென்ஸ் என்று அர்த்தமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் லென்ஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மைசூர்ப் பருப்பு வகை என்று பொருள். இருபுறமும் உப்பிய வடிவத்தால் வந்த பெயர். நம்மிடம் ‘வில்லை’ இருக்கிறது. கற்பூர வில்லை, மருந்து வில்லை, அந்தக் காலத்துச் சேவகர்கள் டவாலியில் குத்திய வில்லை என்று வட்டத் துண்டு எல்லாம் வில்லைதான். இலங்கைப் பாடநூல்கள் இதையே லென்ஸுக்கு வைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் ‘குவிலென்சு’, ‘குழிலென்சு’ என்று போய்விட்டோம். சிலர் ‘ஆடி’ என்கிறார்கள். அது ஒத்துவராது, குழியாடி, குவியாடி என்று பள்ளியில் படித்ததெல்லாம் முகம் பார்க்கும் ஆடி வகை.

‘டெலி’க்குத் ‘தொலை’ எப்போதோ உறுதியாகிவிட்டது: தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல். ஆனால் டெலிபோட்டோவைத் ‘தொலைநோக்கு வில்லை’ என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. தொலைநோக்கி என்றால் தொட்டபெட்டா உச்சியில் வரிசையில் நின்று பார்க்கிறார்களே, அந்த டெலஸ்கோப். ‘தொலைநோக்கு’ மட்டும் தனியாக வந்தால் அரசாங்கத் திட்ட அறிக்கை வாடை அடிக்கிறது. ‘தொலைப்பட வில்லை’ சுருக்கமாகவும் வேருக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. அதை அசல் டெலிபோட்டோ அமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி குறைந்த நீளக் குழாய்களுக்கு ‘நெடுங்குவிய வில்லை’. கடையில் போய் இப்படிக் கேட்கச் சொல்லவில்லை, அங்கே ‘டெலி’ என்றே கேளுங்கள். ‘விண்டேஜ்’? திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். ‘பழைய’ என்றாலே போதும். விலை ஏற்றத்தான் விண்டேஜ் தேவைப்படுகிறது.

இந்தப் பிரிவினை வெறும் சொல் ஆசை இல்லை. நீலகிரியில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை; எல்லாரும் சொல்வது போலச் சொன்னால் ‘பங்கஸ்’. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால், குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு வந்துவிடும். காற்றின் ஈரம் வடியாத வீட்டில் தோல் உறைக்குள் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி இழை போலப் பூஞ்சை படரும், நாளாக ஆகக் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். தொலைப்பட வில்லையில் கண்ணாடிகள் அதிகம், நெருக்கமும் அதிகம். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை புகுந்துவிட்டால் சாதாரண மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய நெடுங்குவிய வில்லைகள் பலவற்றைத் திருகிக் கழற்றித் துடைத்துவிடலாம். வாங்கும்போது துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். துவார இதழ்களில் எண்ணெய் மினுங்கினாலும் யோசிக்க வேண்டும். வாங்கிய பிறகு தோல் உறையைத் தூரப் போட்டுவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது பொருத்துவாய், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் இடம் (மவுண்ட்). காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த எழுத்தாளர் மா. கிருஷ்ணன், பல பாகங்களைச் சேர்த்துக் கட்டிய தன் கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது, அதனால் கேமராவும் லென்ஸும் ஒரே பொருத்துவாயாக இருப்பது நல்லது. எம் 42 என்ற திருகு வகையில் லென்ஸின் இருப்பிடத்துக்கும் படச்சுருளுக்கும் இடைவெளி 45.46 மி.மீ.; நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ. வித்தியாசம் ஒரு மி.மீ. சொச்சம்தான். ஆனால் 200 மி.மீ. எம் 42 லென்ஸை அடாப்டர் வைத்து நிக்கானில் மாட்டினால், லென்ஸ் அந்த அளவுக்குப் படச்சுருளிலிருந்து தள்ளிப்போய்விடும்; கணக்குப்படி ஏறத்தாழ 40 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூர்மையாக விழாது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் நிற்கும் வரையாட்டுக்கு 40 மீட்டர் எந்த மூலைக்கு?

எட்டம் கூடக் கூட நடுவில் இருக்கும் காற்றும் கூடும். நீலகிரிக்குப் பெயர் தந்த அந்த நீலமே நீள லென்ஸில் படத்தை வெளிற வைக்கும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஆரஞ்சு வடிப்பான் போட்டால் நீலப் புகைமூட்டம் ஓரளவு அடங்கி மலைமுகடுகள் தெளியும். மூடுபனிக்கு இது செல்லாது; அது நீர்த்துளி, எல்லா நிறத்தையும் ஒன்றாகவே சிதறடிக்கும். ஒரு காலத்தில் அந்தப் படச்சுருளே ஊட்டியில் தயாரானது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சுருளுக்குப் பெயர் ‘இந்து’, அதாவது நிலா. ஆலை மூடிவிட்டது, அது இருந்த இந்து நகர் என்ற ஊர்ப்பெயரை மதத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

இந்த இரண்டு பெயருக்குள்ளும் அடங்காத ஒரு வகை பாக்கி இருக்கிறது: 500 மி.மீ. மிரர் லென்ஸ். உள்ளே ஒளியை மடக்குவது ஆடி, அதனால் ‘ஆடிவில்லை’ என்று தாராளமாகச் சொல்லலாம். கைக்கு அடக்கம், விலையும் குறைவு. ஆனால் துவாரம் பெரும்பாலும் எஃப் 8 என்று நிலையாக இருக்கும், மாற்ற முடியாது. கையில் பிடித்து நடுங்காமல் எடுக்க 1/500 வினாடியாவது வேண்டும். 400 வேக (ஐ.எஸ்.ஓ. 400) படச்சுருளுக்கு நல்ல வெயிலில் சரி. சோலைக்குள்ளோ மேகம் இறங்கிய மத்தியானத்திலோ முக்காலி இல்லாமல் ஆகாது. குவியத்துக்கு வெளியே இருக்கும் ஒளிப்புள்ளிகளும் உளுந்து வடை போல நடுவில் ஓட்டையோடுதான் விழும்.